குளியல் தொட்டியில் ஜப்பான் ஒத்திகை

மாமியாரோடு ஒரே வெந்நீரில், உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது கண்களை எங்கே வைத்துக்கொள்வது? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

அடுத்த மாதம் ஜப்பான் போகிறோம். மாமியின் முழங்கால் வலிக்கு அங்குள்ள வெந்நீர் ஊற்று நல்லதென்று யாரோ சொல்ல, என் கணவர் டிக்கெட் எடுத்துவிட்டார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் குளியல் தனித்தனி. ஆகவே மாமியோடு இறங்க வேண்டியவள் நான். விதிகளைத் தேடி வாசித்து ஒரு கடதாசியில் எழுதினேன். முதலில் வெளியே முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். பிறகுதான் ஊற்றுத் தண்ணீர். அதில் துணி எதுவும் படக் கூடாது. சின்னத் துவாயை மடித்துத் தலையில் வைக்கலாம்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்துப் பழகியவரிடம் இதை எப்படிச் சொல்வது? மூன்று நாள் யோசித்து, நாங்கள் இப்போது குடியிருக்கும் வில்லரேயில், வீட்டுக் குளியலறையிலேயே ஒத்திகை வைத்தேன். மகள் பல் தீட்ட ஏறி நிற்கும் முக்காலியை எடுத்துப் போட்டேன். மாமி மார்புக்கு மேல் சீலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"சீலையோட இறங்கேலாது மாமி."

"ஏன், தண்ணிக்கு வெக்கமோ?"

சீலையோடே இறங்கினார். அதோடு விட்டாரா? குளித்து முடித்து, துவாயைச் சுற்றிக்கொண்டு, வாழ்நாள் பழக்கத்தில் அந்தச் சீலையை அதே தொட்டியில் சோப்புப் போட்டுக் கும்மினார். ஊற்றுக்காரர்கள் பார்த்திருந்தால் எங்களைத் திரும்ப விமானத்தில் ஏற்றிவிட்டுத்தான் மற்ற வேலை பார்த்திருப்பார்கள்.

அன்று மத்தியானம் கணவரின் முறை. அங்கே மலிவான சாப்பாட்டுக் கடைகளில் வாசலிலேயே ஒரு மெஷின் நிற்குமாம். காசைப் போட்டுப் படத்தை அமத்தினால் சாப்பாட்டுத் துண்டுச்சீட்டு வரும். எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் படங்களை ஒட்டிவிட்டு, மெஷினாக அதன் பின்னால் ஒளிந்து நின்றார். மாமி காசைக் கொடுத்து, வடிவான படமாகப் பார்த்து அமத்தினார்.

"இது என்னடா?"

"மாட்டிறைச்சிச் சோறு, அம்மா."

"மாடோ! காசைத் தா."

"மெஷின் காசு திருப்பித் தராது."

"அப்ப மெஷினே தின்னட்டும்."

ஜப்பானில் மாமி பட்டினி கிடப்பாரோ என்று இரவு முழுக்க நித்திரை இல்லை.

மறுநாள் மாமியே என்னைக் கூப்பிட்டார். நான் கடதாசியோடு போய் நின்றேன். முக்காலியில் உட்கார்ந்து குளித்து முடித்தார். சீலையை அவிழ்த்து என் கையில் தந்தார். தொட்டிக்குள் இறங்கி, துவாயைத் தலையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு விதியும் பிசகவில்லை. நான் கூரையைப் பார்த்தேன்.

"என்ன பிள்ளை, பல்லியோ தேடுறீர்? நீரும் வாரும்."

"தொட்டி சின்னன் மாமி."

"அங்க பெரிசுதானே? அங்கயும் இப்பிடிக் கடதாசியோட நிக்கிறதெண்டால் சொல்லும். நீர் இறங்காட்டி நானும் இறங்கன்."

அவ்வளவு தூரம் போய், என் கூச்சத்தால் அவருடைய முழங்கால் அந்தத் தண்ணீரைக் காணாமல் திரும்பினால் அந்தப் பழி எனக்குத்தான். மாமியாரோடு அப்படிக் குளித்த யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து எழுதுங்கள்: முதலில் யார் இறங்குவது? இறங்கிய பிறகு என்ன கதைப்பது? அங்கே அண்ணாந்து பார்க்கக் கூரையாவது இருக்குமா?