பாலம் வருதுடா

பெரியவன் உதைத்துவிட்டான் என்றால் அந்த லாயத்தில் யார் நம்புவார்கள்? உதை வாங்கிய அவளே நம்பவில்லை. தோள்பட்டை கன்றிப்போய் வைக்கோலில் உட்கார்ந்தபடி, "என்னையா? என்னையாடா?" என்று வாய்க்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊருக்குக் குடிநீர் தரும் ஏரியின் கரையில் குதிரைமேல் ரோந்து போவது அவள் வேலை. பாதை ஒற்றையடிதான். ஒரு பக்கம் ஆழத் தண்ணீர், மறுபக்கம் கிடுகிடு சரிவு. நடுவில் மதகின்மேல் ஒரு பலகைப் பாலம், ஏறும் இடத்தில் சாண் உயரப் படி. கால் பிசகினால் கதை முடிந்தது. அந்த வழியில்தான் பெரியவன்மேல் வருஷக்கணக்காகப் போய்வந்தாள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே. பால் பொங்கி வழிந்தது, மகள் பல்விளக்க மாட்டேன் என்றது, எல்லாம் அவன் காதுக்குப் போய்விடும். நடுநடுவே, "பாலம் வருதுடா, பாத்து." அவனும் ராஜா மாதிரி முன்னங்காலை உயரத் தூக்கி வைப்பான். அந்த மிடுக்கில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. லாயத்தில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். "எங்க வீட்டு ரகசியமெல்லாம் அந்தக் குதிரைக்கு அத்துப்படி. நல்லவேளை, அது வாயத் திறக்காது" என்பார் அவள் கணவர்.

போன வருஷம் பெரியவனுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. ஓய்வு கொடுத்தார்கள். தானே பார்த்துக்கொள்வதாக மேற்பார்வையாளரிடம் மன்றாடி, கடைசிக் கொட்டடியை அவனுக்கு வாங்கிக்கொடுத்தாள். ரோந்துக்குச் சின்னவன் வந்தான், இளங்குதிரை. துறுதுறுவென்று இருப்பான், காகிதம் பறந்தாலும் மிரளுவான்.

சின்னவனோடு பேசியபடி அவள் கிளம்பினால் போதும், பெரியவன் கனைத்துக் கதவை உதைப்பான். பொறாமை என்று முடிவுகட்டினாள். பாவம், புண்படுத்தக் கூடாதென்று வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். லாயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடப்பாள். தவிட்டை ஊறவைப்பதும், குளம்பைச் சுத்தம் செய்வதும், முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதும் சத்தமில்லாமலே நடந்தன. பேச்செல்லாம் வெளிக்கதவு தாண்டிய பிறகு, சின்னவனோடு. பெரியவனோ நாளுக்கு நாள் சுவரோடு ஒட்டிக்கொண்டான். வெளியே இழுத்தால் வரமாட்டான். கோபம் தணியட்டும் என்று விட்டுப்பிடித்தாள். இன்று காலை ஓசைப்படாமல் பின்னால் போய் இடுப்பில் கை வைத்தாள். விழுந்தது உதை.

"உன்னையே உதைக்கிற குதிரைய இனிமே இங்க வச்சுக்க முடியாதும்மா" என்றார் மேற்பார்வையாளர். "டாக்டர வரச் சொல்லிட்டேன். வலிக்காம ஊசி போட்டு மேல அனுப்பிரலாம்."

"சார், ஏதோ கோவத்துல…"

"நாளைக்கு உன் தலையில விழுந்தா உன் புள்ளைக்கு யார் பதில் சொல்றது?"

அவள் எழுந்துபோய்க் கொட்டடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா பையைத் திறந்தவர், ஊசியை எடுக்காமல் பெரியவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணருகே டார்ச் அடித்தார். பஞ்சை உருட்டி அவன் முகத்துக்கு முன்னால் நழுவவிட்டார். இமைகூட அசையவில்லை. மறுபக்கமும் அப்படியே.

"இவனுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதே" என்றார். "உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்பலேருந்து?"

"நேத்து இன்னைக்கு இல்ல. சுத்தமா போயி ரெண்டு மூணு வருஷம் ஆகியிருக்கும்."

"இல்லீங்க, போன வருஷம் வரைக்கும் கரையில இவன்மேலதான் நான்…"

ஓய்வுக்கு முந்தைய மழைக்காலம். ஏரி தளும்பி நின்றது. அடம்பிடித்த மகளை முன்னால் உட்காரவைத்து, பலகை வழுக்க வழுக்க அந்தப் பாலத்தைத் தாண்டினாள். சிரித்துக்கொண்டே தாண்டினாள். கண் தெரியாத குதிரைமேலா பெற்ற பிள்ளையை ஏற்றினாள்? மேற்பார்வையாளர் அப்படியே தவிட்டு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எதை வச்சு நடந்தான்?" என்றார் அவர்.

"இவங்க குரல வச்சுத்தான் நடந்திருக்கணும். ஆள் வர்றது தெரியாம மேல கை பட்டா, எந்தக் குதிரையும் உதைக்கும். கூப்பிட்டுப் பாருங்கம்மா. வந்தான்னா இந்த ஊசிக்கு வேலையில்ல."

கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எந்த முகத்தோடு கூப்பிடுவது? ஒரு வருஷமாக வாயைத் திறக்காமல் அவனை இருட்டில் நிறுத்தியிருந்தவள் அவள்தானே. பெரியவனின் காதுகள் அங்குமிங்கும் திரும்பித் தேடின. மேற்பார்வையாளர் டாக்டரம்மாவைப் பார்த்தார்.

என்ன சொல்வதென்று அவள் யோசிக்கவில்லை. பழக்கத்தில் தானாக வந்தது.

"பாலம் வருதுடா. பாத்து."

இரண்டு காதும் அவள் பக்கம் நிமிர்ந்தன. பெரியவன் சுவரைவிட்டு விலகினான். சமதளமான அந்தத் தரையில், முட்டி வலியோடு, முன்னங்காலை உயரத் தூக்கி வைத்து அவளை நோக்கி நடந்து வந்தான்.