மோட்டார் ஓடாத நாட்கள்

"…அப்படின்னா நான் ஆறு மாசமா எதைத் தேடுனேனோ, அதைத்தான் நீங்க ஆறு மாசமாத் தள்ளிக்கிட்டு இருந்திருக்கீங்க. அப்படித்தானே அண்ணே?"

அந்தப் பெண் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சில வருடங்களுக்கு முன்னால், ஓர் ஐப்பசி மாதத்துப் பிற்பகலில், திருவையாறு பக்கம் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நடந்தது இது. அவள் ஆராய்ச்சி மாணவி. நான் அங்கே உதவியாளன்.

நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். வயரிங் வேலைக்கென்று உள்ளே நுழைந்து அங்கேயே தங்கிவிட்டவன். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவதைக்கூட செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். இன்னொரு பழக்கமும் உண்டு. யாராவது நறுக்கென்று ஒன்றைச் சொன்னால், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். பஸ்ஸில் கேட்டது, டீக்கடையில் கேட்டது, சண்டையில் கேட்டது, எல்லாம் இருக்கும். அந்த நோட்டுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

மொட்டை மாடியில் அவள் ஆறு பெட்டிகள் வைத்திருந்தாள். வானத்தின் உச்சியில் ஒரு துகள் வந்து காற்றில் மோதினால், அது சிதறி, சிதறியதும் சிதறி, கடைசியில் ஒரு தூறல் போலத் தரையில் இறங்குமாம். கண்ணுக்குத் தெரியாது, மேலே விழுந்தாலும் உறைக்காது. பெட்டியில் விழுந்தால் மட்டும் உள்ளே ஒரு சின்ன வெளிச்சம் தோன்றி, கம்பி வழியாகக் கீழே கம்ப்யூட்டருக்குச் செய்தி வரும்.

ஒவ்வொரு பெட்டியும் தன்பாட்டுக்கு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். அத்தனையையும் எழுதி வைக்க முடியாது. அதனால் வந்த கணத்திலேயே வைத்துக்கொள்வதா, விடுவதா என்று முடிவு செய்ய ஒரு வடிகட்டி. மூன்று பெட்டிகளாவது ஒரே நேரத்தில் துடித்தால் எழுது, இல்லையென்றால் விடு. விட்டது விட்டதுதான். நெல் தூற்றினால் பதராவது களத்தில் கிடக்கும், சந்தேகம் வந்தால் கிளறிப் பார்க்கலாம். இங்கே அதுவும் கிடையாது.

அவளுக்கு வேண்டியிருந்தது பெரிய தூறல். ஆறு பெட்டிகளையும் ஒருசேர நனைக்கிற மாதிரி விழுவது. நாளைக்கு நாலைந்து வந்தாலே அதிகம். அதை வைத்துத்தான் அவள் ஆராய்ச்சியின் முக்கியமான அத்தியாயம். கார்த்திகையில் பெட்டிகளை இரவல் கொடுத்த இடத்துக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஒருமுறை அவகாசம் நீட்டிக் கொடுத்துவிட்டார்கள், மறுபடி கிடைக்காது.

கல்லூரிச் சுவரை ஒட்டி ஓர் அக்கா குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். அவருடைய ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் எங்கள் கட்டடத்துக்கு நேர் பின்னால். சித்திரையில் ஆற்றில் தண்ணீர் இல்லை, மோட்டார்தான் கதி. எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும். வரும்வரை யார் காத்துக் கிடப்பது என்று ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வைத்திருப்பார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக எடுக்கும். அப்படி எடுத்தபோதெல்லாம் எங்கள் ஆறு பெட்டிகளும் ஒரே நேரத்தில் துள்ளின. வானத்திலிருந்து வந்ததல்ல, வெறும் மின்சார இரைச்சல்.

"இந்த மோட்டார் தொல்லைக்கு ஏதாவது பண்ணுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு, அவள் அம்மாவின் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் பண்ணிவிட்டேன். வடிகட்டியில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: ஆறும் சேர்ந்து துடித்தால் அது மோட்டார், தள்ளு. அன்றன்றைக்கு எத்தனை தள்ளினோம் என்று காட்ட மட்டும் திரையின் ஓரத்தில் ஓர் எண்.

"சரியாயிடுச்சா அண்ணே?" என்றாள் வந்தவள்.

"சுத்தமா ஒழிச்சிட்டேன்மா."

எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் என் படிப்பைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று கூசியிருக்கிறாள், பிற்பாடு சொன்னாள். நானும் சொல்லவில்லை. பெருமையில் இருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அந்த அக்கா குடிக்கத் தண்ணீர் பிடிக்க எங்கள் குழாய்க்கு வந்தார். வழக்கம்போல வம்புக்கு இழுத்தார்.

"என்ன தம்பி, வானத்துலேருந்து இன்னைக்கு என்ன விழுந்துச்சு? எங்க வயல்ல ஒண்ணையும் காணுமே!"

"எங்கக்கா விழ விடுறீங்க? உங்க மோட்டார்தான் எங்க பொட்டியப் போட்டு உலுக்குதே!"

"அடப்பாவி! மோட்டாரு காயில் கருகி ஒரு மாசமாச்சு. ஆத்துல தண்ணி வந்துடுச்சேன்னு திரும்பக் காயில் கட்டக்கூடக் குடுக்கல. செத்துக் கெடக்குற மோட்டார் மேலயா திருட்டுப் பழி போடுவீங்க? பாவம், அதுக்கு வாயில்ல!"

விழுந்து விழுந்து சிரித்தேன். கடைசி இரண்டு வாக்கியங்களையும் மறந்துவிடுவேனோ என்று உள்ளே ஓடிவந்து, தேதி போட்டு நோட்டில் எழுதினேன். நான் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்குப் பக்கத்திலேயே திரை ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் அந்த எண் அன்றைக்கும் ஏறியிருந்தது. ஓடாத மோட்டாரை எதற்காகத் தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. மூன்று பெட்டி வந்தது, நான்கு வந்தது, ஐந்துகூட வந்தது. ஆறு மட்டும் வரவில்லை. ஏதோ ஒரு பெட்டி மந்தமாக இருக்கிறது என்று அவள் நினைத்தாள். வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். அவளுடைய வழிகாட்டி போனில், "பொருத்தத் தெரியலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாராம். அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போக ஆரம்பித்தாள்.

அந்த ஐப்பசிப் பிற்பகலில் அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், கொஞ்சம் சிரிக்க வைக்கலாமே என்று நோட்டை எடுத்துப் படித்துக் காட்டினேன். அக்காவின் வரி வந்ததும், அவருடைய கையாட்டலோடு அப்படியே பேசிக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"இது எப்ப சொன்னாங்க?"

தேதியைப் பார்த்துச் சொன்னேன். அதற்கும் ஒரு மாதம் முன்பே காயில் கருகிவிட்டதாக அக்கா சொன்னதையும் சொன்னேன்.

"அப்ப ஆனியிலேருந்தே அந்த மோட்டார் ஓடலையா?"

"இன்னமும் ஓடலம்மா."

அவள் திரையின் ஓரத்தைக் காட்டினாள். அன்றைக்கு அங்கே நான்கு என்று இருந்தது.

"அப்ப இந்த நாலு என்னது? எதை வெச்சுத் தள்ளுறீங்க?"

அந்த வரியைத் திறந்து காட்டினேன். திரையில் விரலை வைத்து அதை இரண்டு முறை படித்தாள். பிறகுதான் முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அந்த வரியை உடனே எடுத்துவிட்டேன். மறுநாளே ஆறு பெட்டித் தூறல்கள் வந்தன, அதற்குப் பிறகும் தினம் வந்தன. ஆனால் மிச்சமிருந்த சில வாரங்கள் ஓர் அத்தியாயத்துக்குப் போதவில்லை. அந்த அத்தியாயம் இல்லாமலே அவள் ஆய்வேட்டைக் கொடுத்தாள். தவறு யாருடையது என்று வழிகாட்டியிடம் கடைசிவரை அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மனிதர்கள் பேசுவதை இவ்வளவு ஆசையாகக் கேட்கிறவன் நான் என்று நினைத்திருந்தேன். அந்த அக்கா சொன்னதில் சிரிப்பை மட்டும் வடித்து நோட்டில் வைத்துக்கொண்டு, சேதியைத் தள்ளியிருக்கிறேன். நோட்டு இப்போதும் இருக்கிறது. ஆனால் அதைத் திறக்கும்போதெல்லாம், இதில் எழுதாமல் விட்டதில் என்னென்ன இருந்ததோ, அது எனக்கு இனி ஒருநாளும் தெரியப்போவதில்லையே என்று மனசு கனத்துப்போகிறது.

அன்றைக்கு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்ததும் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. அவள் எழுந்து மாடிக்குப் போனாள். ஆறு பெட்டிகளின் மேலும் தார்ப்பாயை இழுத்து மூடி, ஒரு மூலைகூட விடாமல் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, நனைந்தபடி இறங்கி வந்தாள்.