பாலத்து வழி

மார்ச் 14, வெள்ளி, காலை ஆறு மணி. குடியமர்த்தல் அலுவலகத்தின் வேன் ஓட்டுநர், வயது ஐம்பத்தேழு, குழந்தை இருக்கையின் பட்டையை மீண்டும் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். பிறகு, பின்னிருக்கையைக் காட்டும் கண்ணாடியைக் கூரையை நோக்கித் திருப்பிவிடுகிறார். முந்தையது பழைய பழக்கம். பிந்தையது ஜனவரிக்குப் பின் வந்தது.

அலுவலகத்தில் அவருக்குச் ‘சம்பந்தி’ என்று பெயர். வந்திறங்கும் அகதிக் குடும்பங்களை மாப்பிள்ளை வீட்டாரைப்போல் எதிர்கொள்வார். பெட்டியைத் தொட விடமாட்டார். விமான நிலையத்திலிருந்து நேர்வழியான நெடுஞ்சாலை பத்தொன்பது கிலோமீட்டர்தான். அவரோ பாலத்தைச் சுற்றிக் கடைத்தெரு வழியாகவே ஊருக்குள் அழைத்துவருவார். டீசல் செலவை மேலாளர் கேட்டால், “வந்தவங்க மொதமொதல்ல குப்பைக் கிடங்கையா சார் பாக்கணும்?” என்பார்.

ஜனவரியில் நாட்டின் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றினார். இனி அகதிகள் எவருக்கும் இடமில்லை. முன்பு ஏற்கப்பட்டவர்களின் அனுமதியும் செல்லாது என்றார். நாடாளுமன்றத்தில் எவரும் எழுந்து ஏனென்று கேட்கவில்லை. எங்கள் அலுவலகத்திலும் கேட்கவில்லை. வேன் அதேதான்; ஓடும் திசை மட்டும் மாறியது.

“வேலையை விட்டுவிடலாமே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் விட்டா வேற எவனாவது ஓட்டுவான், தம்பி. பெட்டியத் தூக்கிக் கடாசுவான்.” பிறகு அவரே, “அதுவும் சும்மா சொல்றதுதான். பென்ஷனுக்கு இன்னும் மூணு வருஷம் கெடக்கு” என்றார்.

அன்று ஏறியவர்கள் ஒரு தாயும் ஆறு வயது மகளும். இரண்டாண்டுகளுக்கு முன் அவரே அழைத்துவந்தவர்கள். குழந்தையின் தந்தையைச் சுட்டுக்கொன்றவர்களே சொந்த நாட்டை இன்னும் ஆள்கிறார்கள். உடன்செல்லும் அலுவலர் என்ற முறையில் முன்னிருக்கையில் நான். மடியில் அவர்களுடைய ஆவணங்கள்.

வாயிற்காவலர் கதவைத் திறந்தபடி, “என்ன சம்பந்தி, விருந்தாளிங்களையெல்லாம் வரிசையா வழியனுப்புறீங்களே, சாப்பாடு சரியில்லையா?” என்றார். ஓட்டுநர் கியரை மாற்றினார்.

சந்திப்பில் வண்டி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது.

“மாமா, தப்பாப் போறீங்க! பாலம் அந்தப் பக்கம்!” என்றாள் சிறுமி, பின்னிருந்து.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆவணங்களைப் பார்த்தேன். அவர் கையுயர்த்தி, கண்ணாடியைக் கீழே இறக்கி, அவள் முகம் தெரியும்வரை சரிசெய்தார்.

“ஆமாடா கண்ணு. மாமாவுக்கு மறந்துபோச்சு.”

வண்டியைத் திருப்பினார்.

விமான நிலைய வாசலில் மீட்டர் காட்டியது: முப்பத்தொரு கிலோமீட்டர்.