வாசலில் நெல் காயக் கூடாதாம்

சீர்காழிப் பக்கம் மழை விடவில்லை. வைத்திருந்த விதைநெல் நனைந்துவிட்டது. காயாவிட்டால் முளைத்துப்போகும் என்று அப்பா இன்று காலை மூட்டையோடு பஸ் ஏறித் தஞ்சாவூருக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இங்கே நல்ல வெயில். வாசலில் தார்ப்பாய் விரித்து நெல்லைக் கொட்டிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

எங்கள் நகரின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார்.

"மேடம், வீட்டு முன்னாடி எதையும் காயப்போடக் கூடாதுங்க. பார்க்க நல்லாவா இருக்கு?"

"விதைநெல் சார். சாயங்காலம் அள்ளிடுறோம்."

"இன்னைக்கு நீங்க நெல்லும்பீங்க, நாளைக்கு எல்லாரும் வடாம் போடுவாங்க."

"அப்ப மாடியில போட்டுக்கறோம்."

"புறா வரும் மேடம். பக்கத்து வீட்டையும் சேர்த்து அசிங்கம் பண்ணும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நெல்லை அள்ள ஆரம்பித்துவிட்டார்.

செயலாளர் போனதும் அப்பா மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, இது நீங்க வாங்கின வீடுதானே? வாடகை இல்லையே?"



இப்போது நெல் ஹாலில் ஃபேனுக்கு அடியில் காய்கிறது. இடம் போதாமல் சோபாவைத் தூக்கி வாசலில் போட்டிருக்கிறோம். அப்பா அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

வாசலில் சோபா போடலாமா, கூடாதா? உங்கள் சங்கத்தில் என்ன விதி என்று, செயலாளர் திரும்பி வருவதற்குள் யாராவது சொல்லுங்கள்.