ஏந்திக்கொள்ள ஆள் வராத மாதா

எங்கள் எஸ்டேட் லயத்தில் மாதா வீட்டுக்கு வருவதற்கு ஒரு முறை உண்டு. ஆகஸ்டு திருவிழா நெருங்கும்போது கோயிலிலிருந்து சின்ன சொரூபம் ஒன்று லயத்துக்கு இறங்கி வரும். ஒரு வீட்டில் ஒரு நாள் இருக்கும். செபமாலை சொல்லி, விளக்கேற்றி வைத்திருப்போம். மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர் வந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போவார். வைத்திருக்கிறவர் தானாகக் கொண்டுபோய் விடக் கூடாது. வந்த மாதாவை நாமே வெளியே அனுப்பினதாக ஆகிவிடும். யார் ஏற்படுத்தின முறை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் கொழுந்து கிள்ளப் போன நாளிலிருந்து இப்படித்தான். இந்த முறையை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு.

பயம் எனக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் இறந்துபோனபோது பயந்தேன். பிள்ளையை வைத்துக்கொண்டு காலையில் மஸ்டரில் பேர் கொடுக்க ஓடினபோதும் பயந்தேன். ஆனால் பயத்தை ஆண்டவரிடம் சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பேன். ஒருமுறை தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கும்போது ஒற்றை யானை வந்துவிட்டது. எல்லாரும் சரிவில் ஓடினார்கள். நான் செடியோடு செடியாக நின்று மனசுக்குள் செபம் சொன்னேன். யானை என்னைத் தாண்டி ஓடையில் இறங்கிப் போயிற்று. ஓடினவர்களில் ஒருத்தி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். நம்புகிறவள் நிற்பாள், நம்பாதவள் ஓடுவாள் என்று அன்றைக்கு என் மனசில் பதிந்துவிட்டது. இன்றைக்கு அது சரியா என்று கேட்டால், என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதற்குத்தான் இதைச் சொல்ல வந்தேன்.

அந்த வருஷம் மாதா என் வீட்டுக்கு வந்தபோது மழை விடாமல் பிடித்திருந்தது. லயத்துக்குப் பின்னால் தேயிலை, அதற்கு மேலே புல்லும் பாறையும். அங்கிருந்து இறங்குகிற ஓடை எப்போதும் கண்ணாடி மாதிரி இருக்கும். அன்று காலையில் டீ நிறத்தில் கலங்கி வந்தது. பஞ்சாயத்து மெம்பர் ஜீப்பில் வந்து மைக்கில் சொன்னார். ரெட் அலர்ட்டாம், உருள்பொட்டல் பயமாம், மலை எந்நேரமும் சரியலாம், எல்லாரும் கீழே ஸ்கூல் கேம்புக்குப் போய்விட வேண்டுமாம்.

ஜனங்கள் துணிமூட்டையோடு இறங்கினார்கள். மாதாவை அடுத்து ஏந்த வேண்டிய வீட்டுக்காரி, பிளாஸ்டிக் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு என் வாசலைத் தாண்டி ஓடினாள்.

"ஏட்டி, மாதாவ ஏந்த வேண்டாமா?" என்று கேட்டேன்.

"பெறவு பாத்துக்கலாம் யக்கா, உசிரு இருந்தாத்தானே! நீங்களும் வாங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டாள்.

எனக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. உள்ளே வந்து மாதா முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மகள் பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். ஒரே மகள். என்னை விட்டுவிட்டுப் போகிற பெண் இல்லை.

"எம்மா, மாதாவத் தூக்கிக்க. கேம்புல வச்சு செபம் சொல்லுவோம்."

"நாமளா தூக்கக் கூடாது. ஏந்த ஆளு வரணும்."

"ஆளெல்லாம் போயாச்சும்மா!"

"அப்ப அவங்க இங்க இருக்கணும்னுதான் இருக்காங்க. நீ போ."

"நீ வராம நான் எங்க போக?" என்று சொல்லி, அவளும் படியில் உட்கார்ந்துகொண்டாள். என் உயிரை வைத்து நான் நிற்கலாம். அவள் உயிரையும் சேர்த்து வைக்கலாமா? மாதாவிடம் கேட்டேன். நான் என்ன செய்யட்டும், ஏதாவது காட்டுங்கள் என்று.

மத்தியானத்துக்குமேல் மழை கொஞ்சம் குறைந்தது. அப்போது பின்பக்கம் ஒரு மாற்றம் தெரிந்தது. காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த ஓடைச் சத்தம் இல்லை. போய்ப் பார்த்தேன். தண்ணீர் நின்றுவிட்டது. கல்லெல்லாம் வெளியே தெரிந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கேட்டேன், காட்டிவிட்டார்கள், இனி பயமில்லை என்று முழங்காலில் விழுந்தேன்.

என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் பெந்தெகொஸ்தே சபைக்காரி. ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போனால் அவள் ஆராதனைக்குப் போவாள். ரெண்டு பேரும் வயசுக் காலத்திலிருந்து பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். பிள்ளைகள் வெளியூரில் இருந்ததால் தனியாக இருந்தாள். அவள் எப்போதோ கேம்புக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன். பின்வாசலில் வந்து நிற்கிறாள்.

"மதினி, என்ன முழங்கால்ல நிக்கே?"

"ஓடை நின்னுட்டு. பாத்தியா?"

"பாத்துதான் ஓடியாறேன். தண்ணி நிக்கலை, மேல எங்கியோ மண்ணு அடைச்சிருக்கு. அடைச்சது உடைஞ்சா மொத்தமா இறங்கும். எந்திரி!"

"நான் கேட்டேன், மாதா காட்டுனாங்க."

"காட்டுனது சரி. என்னத்தக் காட்டுனாங்கன்னு பாரு!"

"ஆனை வந்தப்ப நின்னவ நான்."

"ஆனைக்குக் கண்ணு இருக்கு, பாத்து ஒதுங்கிப் போச்சு. மலைக்குக் கண்ணு இருக்கா? உம் மவளப் பாரு, படியில குத்தவச்சிருக்கா."

நான் எழுந்திருக்கவில்லை. அவளும் போகாமல் நின்றாள்.

"நீ ஏன் இன்னும் போகல?" என்று கேட்டேன்.

"நீ போகாம நான் எப்படிப் போவேன்? காலையிலேர்ந்து உன் வாசலத்தான் பாத்துட்டிருக்கேன்" என்றாள்.

கீழே ஜீப் ஹாரன் அடித்தது. அதுதான் கடைசி வண்டி என்று மகள் கத்தினாள். சபைக்காரி என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். சொரூபத்தைத் தொடுகிறவள் இல்லை அவள். எங்கள் சப்பரம் போகும்போதுகூடக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பாள். அவள் தன் கம்பிளியைக் கழற்றி மாதாவைச் சுற்றினாள். இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"ஆளு வரணும்னியே. வந்துட்டேன். ஏந்தியாச்சு. இப்ப நட."

"நீ அடுத்த வீடு இல்லையே..."

"சுவத்துக்கு அந்தப்புறம் இருக்கேன், நான் அடுத்த வீடு இல்லையா? எங்க பாஸ்டர் கேட்டா நீ வந்து பதில் சொல்லு. நட மதினி!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எழுந்து நடந்தேன். ஜீப்பில் அவள் மடியில் மாதா, என் மடியில் மகளின் பை. ஸ்கூலில் இறங்கினதும் எங்கள் கோயில் ஆட்களெல்லாம் அவளையும் கம்பிளியையும் பார்த்து வாயைப் பிளந்தார்கள். "பாத்தது போதும், யாராவது வந்து வாங்குங்க, கை வலிக்கி" என்றாள் அவள். காலையில் என் வாசலைத் தாண்டி ஓடின வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டு வந்து ஏந்திக்கொண்டாள்.

மழை வெறித்தபின் திரும்பி வந்தோம். மலை இறங்கித்தான் இருந்தது. சபைக்காரி வீட்டுப் பின்சுவர் உள்ளே விழுந்து, அவள் மத்தியானம் சாய்கிற கட்டில்மேல் மண் ஏறிக் கிடந்தது. என் வீட்டில் ஒன்றுமில்லை. மாதா இருந்த ஸ்டூல்கூட நகரவில்லை. விளக்கு அணைந்திருந்தது, அவ்வளவுதான்.

அவள் மண்ணைப் பார்த்து ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றாள். நான் என் ஸ்டூலையும் அவள் கட்டிலையும் மாறிமாறிப் பார்த்தேன். நான் அங்கேயே இருந்திருந்தால் எனக்கும் மகளுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியானால் நான் நம்பினது சரி. ஆனால் நான் இருந்திருந்தால் அவளும் இருந்திருப்பாள், அந்தக் கட்டிலில். அப்படியானால் என் நம்பிக்கை அவளைக் கொன்றிருக்கும். மாதாவை ஏந்தப் போய் அவள் பிழைத்தாள் என்று எங்கள் கோயில் ஆட்கள் சொல்கிறார்கள். என்னை இழுக்க வந்து பிழைத்தாள் என்று மகள் சொல்கிறாள். காலையிலேயே நான் கிளம்பியிருந்தால் அவள் பிழைக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது என்பது எனக்கு மட்டும் தோன்றுகிறது. கோயில் சாமியாரிடம் கேட்டேன். "ஆண்டவர் நல்லவர் பாட்டி" என்றார். அது எனக்குத் தெரியும். நான் கேட்டது அதை இல்லை.

எஸ்டேட்டில் அவள் வீட்டைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள். அதே சுவர், அதே மலை. இந்த வருஷமும் மாதா என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், மழையும் வந்திருக்கிறது. நேற்று ஓடை லேசாகக் கலங்கினது. சபைக்காரி கம்பிளியைப் போர்த்திக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள்.

"என்ன மதினி, இந்தத் தடவ ஆனையா, மலையா?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். இத்தனை வயசில் அவளிடம் நான் இப்படிச் சொன்னது இல்லை. அவளும் எனக்கும் தெரியாது என்றாள். பிறகு நான் துணியை எடுத்துப் பையில் வைத்தேன். விளக்குக்கு எண்ணெயும் விட்டேன்.

"என்னவோ ஒண்ணு, இன்னைக்கு நீ முதல்ல நட. நான் பின்னாலயே வாறேன்" என்றேன்.

"மாதா?"

"நீதான் ஏந்தணும். நான் தூக்கக் கூடாதுல்லா."

அவள் திட்டிக்கொண்டே கம்பிளியைக் கழற்றினாள்.