ஊரை விட்டுப் போகப் பார்த்த சாக்பீஸ் கம்பெனி

யாருக்காவது உதவி செய்யாமல் ஒரு பொழுது கழிந்தால் ராசாங்கத்துக்குத் தலைவலி வந்துவிடும் என்று அவருடைய மனைவி ஜானகி சொல்வாள். அவள் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார். வேண்டாம் என்றவர்களையும் தோளைப் பிடித்து உட்கார வைப்பார். அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர்கள் அவருக்குப் பயந்து இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கியதுண்டு.

உடையார்பாளையத்தில் முந்திரிக்காடு வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை அவர். படித்து, பரீட்சை எழுதி, பெரம்பலூருக்கு வடக்கே ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் தொழில் விரிவாக்க அலுவலராக வந்து சேர்ந்திருந்தார். இவ்வளவு நீளமான பதவியைச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் ஊருக்குள் அவர் 'தொழில் சார்'. ஒன்றியத்தில் இருக்கிற சிறுதொழில்களை வாடாமல் பார்த்துக்கொள்வதும், முடிந்தால் பெரிதாக்குவதும் அவர் வேலை. அப்படி இருந்தவை மூன்று ரைஸ் மில், ஒரு செங்கல் சூளை, ஒரு சோடா கம்பெனி, பூலாம்பாடியில் செங்கமலத்தின் சாக்பீஸ் கொட்டகை. அவ்வளவுதான்.

1981ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'வெளியூருக்கு இடம் பெயரும் எண்ணத்தில் உள்ள தொழில்களில் குறைந்தது ஒன்றையாவது தடுத்து நிறுத்தி, அதனை விரிவுபடுத்தி, மார்ச் மாத இறுதிக்குள் அறிக்கை அனுப்பவும்.'

ராசாங்கத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. மறுநாளே சைக்கிளில் கிளம்பினார். முதல் ரைஸ் மில்காரரிடம் போய், "நீங்க ஊரவிட்டுப் போற எண்ணத்துல இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"மில்லத் தலையில தூக்கிவச்சுக்கிட்டா சார் போவேன்?" என்றார் அவர்.

மற்ற இரண்டு மில்காரர்களுக்கும் போகிற எண்ணம் இல்லை. சோடா கம்பெனி கொளஞ்சி மனம் புண்பட்டுப் போனான். "நான் இங்க இருக்கறது உங்களுக்குப் புடிக்கலன்னா நேராவே சொல்லிடுங்க சார்" என்றான். அதற்குப் பிறகு ராசாங்கம் கேட்டால் பன்னீர் சோடா இல்லை என்று சொல்ல ஆரம்பித்தான். செங்கல் சூளைக்காரரோ சூளையைக் காலி செய்யச் சொல்லி சர்க்கார் ஆள் அனுப்பிவிட்டது என்று எண்ணி, நேரே ஒன்றிய ஆணையரிடம் போய் முறையிட்டுவிட்டார்.

ஆணையரின் பெயர் ஆண்டவர். அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பியூன் வந்து, "ஆண்டவர் உங்களக் கூப்பிடுறாரு" என்று சொன்னால் ஒரு கணம் அவர்கள் மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். ராசாங்கத்துக்கு அது பழகிப்போயிருந்தது. இந்த முறை அவரும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

"என்னய்யா இது, ஊர்ல இருக்கற தொழிலையெல்லாம் காலி பண்ணச் சொல்றீராமே?"

"காலி பண்ண நினைக்கிறவங்களத் தடுக்கணும் சார். அப்படி நினைக்கிறவங்க ஒருத்தர்கூட இல்ல சார். எல்லாரும் இங்கயே இருக்கேன்னு புடிவாதம் பிடிக்கிறாங்க."

ஆண்டவர் கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். "அப்ப யாரையாவது நினைக்கச் சொல்லும்."

இப்படித்தான் ராசாங்கம் செங்கமலத்திடம் போய்ச் சேர்ந்தார்.

செங்கமலம் நாற்பது வயதுக்காரி. குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை. இவள்தான் முதலில் அதை விட்டவள். காரை என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஜிப்சம் கல்லை வண்டியில் வரவழைத்து, வாணலியில் வறுத்து, இடித்துச் சலித்து, தண்ணீரில் கரைத்து அச்சில் ஊற்றி சாக்பீஸ் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். கொட்டகையில் ஆறு பெண்கள் வேலை செய்தார்கள். புருஷன் அரியமுத்து, எறையூர் சர்க்கரை ஆலையில் சீசன் வேலை இல்லாத நாட்களில் சாக்பீஸ் பெட்டிகளைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய்ப் போடுவான்.

"அம்மா, ஒரு உதவி" என்றார் ராசாங்கம். "நீங்க இந்த ஊர விட்டுப் போகலாம்னு கொஞ்சம் நினைக்கணும்."

"எதுக்கு சார்?"

"நான் உங்களத் தடுக்கறதுக்கு."

செங்கமலம் சலித்துக்கொண்டிருந்த சல்லடையைக் கீழே வைத்தாள். அவர் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினார். ஆத்தூருக்குப் போகப் போவதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"பொய்யா எழுதச் சொல்றீங்களா?"

"பொய்யில்லம்மா. எண்ணந்தானே. எண்ணம் இருந்துச்சா இல்லையான்னு யாரு வந்து பாக்கப் போறாங்க?"

அவள் யோசித்தாள். "பாக்காத ஊரப் பத்தி எனக்கு எழுத வராது சார். ஆத்தூர்ல என் நாத்தனா மலர்க்கொடி இருக்கா. ஒரு நட போயி பாத்துட்டு வந்து எழுதித் தரேன்."

இவ்வளவு பொறுப்பான தொழில்முனைவோர் தன் ஒன்றியத்தில் இருப்பதை எண்ணி ராசாங்கம் நெகிழ்ந்துபோனார். ஆத்தூர் பஸ்ஸில் அவரே ஏறி, ஒருவரை எழுப்பிவிட்டு, ஜன்னலோரத்தில் அவளை உட்கார வைத்து அனுப்பினார்.

மூன்று நாள் கழித்துச் செங்கமலம் ஒன்றிய அலுவலகத்துக்கே வந்து கடிதத்தைக் கொடுத்தாள். மலர்க்கொடியின் மகள் எழுதிக் கொடுத்த கடிதம். ராசாங்கம் நின்றபடியே உரக்கப் படித்தார். ஆத்தூரில் ஓட்டுக் கூரை போட்ட கொட்டகை கிடைக்கிறது, சேலம் வியாபாரிகள் வாசலுக்கே வந்து சரக்கு எடுக்கிறார்கள், கரண்ட் இருக்கிறது, ஆகவே தை பிறந்ததும் போகிறோம்.

"அருமைம்மா. நிஜம் மாதிரியே எழுதியிருக்கீங்க."

"நெசந்தான் சார்" என்றாள் செங்கமலம். "நீங்க சொல்லாட்டி எனக்கு இந்த ரோசனையே வந்திருக்காது. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். ராசாங்கம் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். ஆறு வருஷ சர்வீஸில் அவர் பேச்சைக் கேட்டு ஒருவர் ஒரு காரியம் செய்தது இதுதான் முதல் தடவை.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. "போகச் சொன்னது நீங்க. இருக்கச் சொல்லவும் நீங்கதான் போகணும்" என்றாள் ஜானகி, அவர் இலையில் இருந்த வடையை எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டு.

மறுநாள் காலை ராசாங்கம் கொட்டகையில் இருந்தார். ஆத்தூரில் தண்ணீர் உப்பு என்றார். மூன்று நாளும் குடித்தேன், கல்கண்டு மாதிரி இருந்தது என்றாள் செங்கமலம். கொசு என்றார். அதற்கு வேலை செய்துகொண்டிருந்த ஆறு பெண்களும் ஒரே நேரத்தில் தங்கள் கையில் அடித்துக்கொண்டார்கள். பூலாம்பாடிக் கொசுவும் சளைத்ததல்ல. அடுத்த நாள் அவர் 'சிறந்த தொழில்முனைவோர்' என்று தட்டச்சு செய்த பாராட்டுத்தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். அவள் அதை மரியாதையாக வாங்கி, ஆத்தூருக்குக் கொண்டுபோகிற டிரங்குப் பெட்டியில் முதல் சாமானாக வைத்தாள்.

அதைப் பார்த்ததும் ராசாங்கம் கல் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அங்க என்ன இருக்கு? இங்க என்ன இல்ல?"

"கரண்டு சார்."

அவள் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். வறுத்த கல்லை இரண்டு பெண்கள் உலக்கையால் மாற்றி மாற்றி இடித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை இடித்தாலும் மூன்று மூட்டைக்கு மேல் தேறாது. அரவை மெஷின் ஒன்று இருந்தால் அதே வேலை ஒரு மணி நேரம். இன்னும் எட்டுப் பேரை அச்சு ஊற்ற வைத்துக்கொள்ளலாம். மெஷினுக்கு மூணு பேஸ் லைன் வேண்டும். மின்சார ஆபீஸில் எழுதிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலியே சார். வருவீங்க, நோட்டுல கையெழுத்து வாங்குவீங்க, நல்லா இருக்கீங்களான்னு கேப்பீங்க. நல்லாத்தான இருக்கோம்."

அந்தக் கொட்டகைக்கு அவர் பதினொரு முறை ஆய்வுக்கு வந்திருந்தார். நோட்டில் பதினொரு கையெழுத்து இருந்தது. ராசாங்கம் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு மின்சார ஆபீஸுக்குப் போனார்.

அங்கே இருந்தவர்கள் நல்லவிதமாகவே பேசினார்கள். லைன் இழுக்க மூன்று கம்பம் நட வேண்டும். கம்பம் வந்து ஒரு வருஷமாகக் கிடக்கிறது. நடுக்கம்பம் செல்லக்கண்ணு என்பவரின் களத்து ஓரத்தில் வருகிறது. குழி தோண்டப் போகும்போதெல்லாம் அவர் குழிக்குள் இறங்கி நின்றுகொள்கிறார்.

செல்லக்கண்ணு அறுபதைத் தாண்டிய மிளகாய் பயிரிடும் சம்சாரி. ராசாங்கம் போனபோது களத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பத்து மேல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லீங்க" என்றார். "கம்பம் நட்டா கம்பி வரும். கம்பி வந்தா காக்கா வந்து உக்காரும். கீழ நான் மொளகா காயப் போட்டிருப்பேன். காக்கா சும்மா உக்காந்துட்டுப் போவுமா, நீங்களே சொல்லுங்க."

ராசாங்கமும் முந்திரி காயப் போட்ட வீட்டில் வளர்ந்தவர். காகத்தின் குணம் தெரிந்தவர்.

"வந்து உக்காந்தா நான் வந்து வெரட்டறேங்க."

"வாயால சொன்னா? நாளைக்கு உங்கள மாத்திட்டா? சர்க்கார் எழுதிக் குடுக்கணும். பச்ச மையில கையெழுத்து இருக்கணும்."

பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் ஆணையருக்குத்தான். ராசாங்கம் அன்று மாலையே அலுவலகத்தில் உட்கார்ந்து தானே தட்டச்சு செய்தார்.

'பூலாம்பாடி திரு. செல்லக்கண்ணு அவர்களின் களத்தருகே அமையும் மின்கம்பியில் காகமோ காகங்களோ அமர்ந்து மேற்படியாரின் மிளகாய்க்கு ஊறு விளைவிக்கும் பட்சத்தில், தகவல் கிடைத்த மூன்று தினங்களுக்குள் தொழில் விரிவாக்க அலுவலர் நேரில் வந்து மேற்படி காகத்தை அப்புறப்படுத்துவார்.'

கிணறு வெட்டும் கோப்புகளுக்கு நடுவே இதைச் செருகி வைத்தார். ஆண்டவர் பதினாலு கையெழுத்தில் ஒன்றாக இதையும் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

செல்லக்கண்ணு கடிதத்தை இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு இருந்தது. "மூணு நாள் வரைக்கும் காக்கா அங்கயே இருக்குமா சார்?"

"அடிக்கடி வர்ற காக்காயாத்தான் இருக்கும். நான் வந்து காத்திருக்கேங்க" என்றார் ராசாங்கம்.

தை மாதக் கடைசியில் கம்பம் நட்டார்கள். செங்கமலம் மாசி முடியும் வரை பார்க்கிறேன் என்று டிரங்குப் பெட்டியைப் பூட்டாமல் வைத்திருந்தாள். மெஷின் கடனுக்காக ராசாங்கம் பாங்கிக்கு நடந்த நடையில் அவருடைய செருப்பு இரண்டு முறை அறுந்தது. பங்குனி பிறப்பதற்குள் கோயம்புத்தூரிலிருந்து அரவை மெஷின் லாரியில் வந்து இறங்கியது.

தொடக்க விழாவுக்கு ஆண்டவர் ஜரிகை வேட்டியில் வந்தார். கொளஞ்சிகூட வருத்தத்தை மறந்து ஒரு பெட்டி சோடா கொண்டுவந்திருந்தான். சுவிட்சை ஆண்டவர்தான் போட்டார். மெஷினின் மேல்மூடியை மாட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நிமிஷம் கொட்டகைக்குள் எதுவும் தெரியவில்லை. இருமல் மட்டும் கேட்டது. அரியமுத்து தடவிப் போய் சுவிட்சை அணைத்தான். மாவு மெல்ல அடங்கியதும் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் ஆணையர், யார் சோடாக்காரன் என்று தெரியவில்லை. எல்லாரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை.

"நல்லா அரைக்குதுய்யா" என்றது ஒரு வெள்ளை உருவம். குரலை வைத்து அது ஆண்டவர் என்று தெரிந்துகொண்டார்கள்.

செங்கமலம் அவருடைய புருவத்தைக் காட்டி ஏதோ சொல்ல வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் கொட்டகைக்கு வெளியே ஓடினாள். வெளியே போயும் அவளால் நிறுத்த முடியவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்புறம் அதே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

ராசாங்கத்தின் அறிக்கை மார்ச் இருபத்தொன்பதாம் தேதி போனது. கொட்டகையில் பதினாலு பெண்கள் வேலை செய்தார்கள். சேலம் வியாபாரிகள் இப்போது பூலாம்பாடிக்கே லாரி கொண்டுவந்தார்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் அலுவலகத்துக்கு ஒரு தபால் கார்டு வந்தது. 'ஐயா, காகம் வந்துள்ளது. நிறம் கருப்பு. உடனே வரவும். இப்படிக்கு செல்லக்கண்ணு.' ராசாங்கம் குடையை எடுத்துக்கொண்டு போனார். அன்று காகம் வரவில்லை. செல்லக்கண்ணு அவரை வெயிலில் நிற்க விடாமல் வேப்பமர நிழலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். அதற்குப் பிறகு மாதம் இரண்டு கார்டு வந்தது. மிளகாய் இல்லாத மாதங்களிலும் வந்தது. ராசாங்கம் ஒரு கார்டையும் விடவில்லை. போகிற வழியில் செங்கமலத்தின் கொட்டகையில் இறங்கி, என்ன வேண்டும் என்று கேட்பார். நோட்டை வெளியே எடுப்பதில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவருக்கு அரியலூருக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்குக் கண்ணகி என்ற இளம்பெண் வந்தாள். பொறுப்பை ஒப்படைக்கும்போது நாற்காலி, பீரோ, பதிவேடுகள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டவள், கடைசியில் இருந்த கனமான கட்டைப் பிரித்தாள். உள்ளே பச்சைக் கையெழுத்திட்ட கடிதமும் நாற்பத்தாறு தபால் கார்டுகளும் இருந்தன.

கண்ணகி நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். சிரிப்பாள் என்று ராசாங்கம் எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கட்டைப் பழையபடி நாடா போட்டுக் கட்டி, பதிவேட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"பூலாம்பாடிக்குக் காலையில எத்தன மணிக்கு சார் பஸ்ஸு?" என்று கேட்டாள்.