இனிஷியலோடு நின்றுபோன பெயர்

ஐயா, உங்கள் பாடத்தால் ஒருவர் செத்திருப்பார். எனக்கு சி என்ற கணினி மொழியைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

போன மழைக்காலம். பெங்களூரு சிவாஜிநகரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடம். ரத்தக் குழாயில் ஒட்டும் பெயர்ச் சீட்டை அச்சடிக்கும் கருவிக்கு நிரல் எழுதியவன் நான். வீட்டில் என் பெயரை மட்டும், இனிஷியல் இல்லாமல், அடித்துப் பார்த்திருந்தேன். சரியாக வந்தது.

அங்கே ரத்தம் எடுக்கும் அக்கா, தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருபவர். கருவி ஓடிய முதல் நாளே என்னைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னாப்பா மெஷினு இது? ரெண்டு பேருக்கும் வெறும் 'எம்'முனு அடிச்சிருக்கு. எது யாருதுன்னு நீயே வந்து சொல்லு!"

நம் ஆட்கள் இனிஷியலை முன்னால் போட்டு, இடம் விட்டுப் பெயர் எழுதுவார்கள். நீங்கள் சொல்லித்தந்தபடி நான் போட்ட scanf என்ற கட்டளை, இடைவெளி வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிடும். மிச்சப் பெயர் அடுத்த கேள்விக்குள் புகாமலிருக்க, அதைத் துடைத்தெறியும் வரியையும் நானே எழுதியிருந்தேன். அதனால் கருவி ஒரு பிழையும் காட்டவில்லை.

இரண்டில் ஒரு குழாய், மறுநாள் அறுவைச் சிகிச்சைக்காக ரத்த வகை பார்க்க வந்த பெரியவருடையது. மாறியிருந்தால் வேறு வகை ரத்தம் ஏற்றியிருப்பார்கள். அக்கா இரண்டு குழாயையும் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டுப் புது ஊசி எடுத்தார்.

"இன்னொரு வாட்டியா? ரத்தம் இன்னா கொழாத் தண்ணியாம்மா?"

"கோவத்த அவன் மேல காட்டு தாத்தா. கைய நீட்டு."

நான் அங்கேயே உட்கார்ந்து, அதற்குப் பதிலாக வரி முழுவதையும் வாசிக்கும் fgets கட்டளையைப் போட்டேன். கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் என்டர் விசையின் குறியைக் கழித்தேன். கால் மணி நேர வேலை. அதற்குப் பிறகு அங்கே ஒரு பெயரும் அறுபடவில்லை.

அன்று உங்கள் வகுப்பில் ஒரு பெண் இதையேதான் கேட்டாள், இனிஷியல் போட்டால் என்ன ஆகுமென்று. "எடம் விடாம சேத்து அடிம்மா, பரீட்சைக்கு அது போதும்" என்றீர்கள். வகுப்பே சிரித்தது; நானும் சேர்ந்து சிரித்தேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். இன்றும் எந்த நிரலையும் முதலில் அந்தப் பெரியவரின் முழுப் பெயரை அடித்துத்தான் சோதிக்கிறேன்.

நீங்கள் இன்னும் சேர்த்துத்தான் அடிக்கச் சொல்கிறீர்களா? இந்தக் கடிதம் வரும் இதே பக்கத்தில், எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள்.